கைநாட்டு இல்லாத ஊர்

இருபத்தோரு வயதில் நான் ஒரு வருஷம் நாட்டுக்குச் சேவை செய்தேன். லீவே போடவில்லை என்று சொல்ல ஆசைதான். மூன்று நாள் போட்டேன், சித்தி பெண்ணுக்கு வளைகாப்பு. அந்த வருஷத்தில் உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், அரசாங்க முத்திரையோடு எடுத்துக் காட்ட ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரோடு அரை ஏக்கர் நிலத்தைப் பயிர் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். அந்த நிலம் அவளை விட்டுப் போனது. இதற்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மத்திய அரசாங்கத்துக்கு அப்போது ஒரு தொண்டர் திட்டம் இருந்தது. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பத்து நாள் பயிற்சி கொடுத்து, ஒரு வருஷம் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். நான் விலங்கியல் படித்திருந்தேன். தவளையை அறுக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அப்பா கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வரும் கூட்டம் ஏறிக்கொண்டே போன காலம், அவருக்கு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது. அம்மாதான் முடிவு செய்தாள். "வரன் அமையற வரைக்கும் ஊட்ல குந்திக்கினு டிவி பாக்கறதுக்கு, போய் நாட்டுக்கு எதனா பண்ணட்டும்" என்றாள். அதாவது, மாப்பிள்ளை கிடைக்கும்வரை நாடு என்னை வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கல்யாண மண்டபம் என்பதில் அம்மாவுக்கு ஒரு திருப்தி. பத்து நாளும் பாட்டுப் பாடினோம், கும்மி அடித்தோம், ஆளுக்கொரு புங்கங்கன்று நட்டோம். கன்று நடும்போது கேமராவைப் பார்க்கக் கூடாது, கன்றைத்தான் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் கற்றுக்கொடுத்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், எந்நேரமும் கக்கத்தில் ஒரு ஃபைல். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உலகத்தில் நடக்கிற எதுவும் மூன்று பிரதியில் எழுதப்பட்ட பிறகுதான் நடந்ததாகக் கணக்கு என்பது அவருடைய நம்பிக்கை.

எங்களுக்குச் சீருடை வெள்ளைப் புடவை, நீலக் கரை. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் எனக்கு ஒதுக்கிய ஊரில் நான் முதல் நாள் போய் இறங்கியபோது, மல்லாட்டை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அய்யோ பாவம், இந்த வயசுலயா?" என்றாள். புருஷன் செத்துவிட்டதாக நினைத்துவிட்டாள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று நான் விளக்கியதும், அது அதைவிடப் பாவம் என்று அவர்களுக்குத் தோன்றியது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அதை வேறு பெயரில் கேட்டால் கடைக்காரன் முறைப்பான்.

தினமும் பதினோரு மணி பஸ். கீழ்பென்னாத்தூரில் இறங்கி, ஒரு வேனில் தொற்றிக்கொண்டு, கடைசி ஒரு மைல் நடை. ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மூன்று மணிவரை ஏதாவது ஒரு கணக்கெடுப்பு இருக்கும். எத்தனை வீட்டில் புகையில்லா அடுப்பு, எத்தனை வீட்டில் கோழி என்று. ஒரு மாதம் கோழிகளை எண்ணினேன். அடுத்த மாதம் அதே கோழிகளை வேறு படிவத்தில் எண்ணினேன், சில குழம்பாகியிருந்தன. நாங்கள் நட்ட கன்றுகளை ஆடுகள் தின்றுவிட்டதை எழுதக் கட்டம் இல்லாததால், அவை எங்கள் ஃபைலில் இன்றைக்கும் தழைத்துக்கொண்டிருக்கும். பௌர்ணமி அன்றைக்கு மட்டும் ஊருக்குப் போக வேண்டாம், அடி அண்ணாமலையில் மோர்ப் பந்தல் டியூட்டி. சாயங்காலம் நாலிலிருந்து பொழுது சாய்கிறவரை, நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு, மலை சுற்றுகிறவர்களுக்கு மோர் ஊற்றுவேன். 'தொண்டர்' என்று பேட்ஜில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தும், எல்லாரும் என்னிடம் செருப்பு எங்கே விடுவது என்றுதான் கேட்டார்கள்.

மூன்று மணிக்குப் பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பு. சத்துணவுக் கூடத்தில், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, சாம்பார் வாசனையோடு நடக்கும். முப்பத்தோரு பெண்கள். எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள், எல்லாருமே காலையிலிருந்து வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். "டீச்சரு, அந்த 'அ'ன்னாவ நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னிக்குக் கை ஒழியல" என்று மடியில் மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டு உரிப்பார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் எழுதியதைவிட நான் உரித்தது ஜாஸ்தி. பருப்பு உடையாமல் ஒரே அழுத்தில் தோலை வெடிக்க வைக்கும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். அது எந்தப் படிவத்திலும் வரவில்லை.

இந்தப் பெண்களில் ஒருத்தி எப்போதும் பின்னால் தூணில் சாய்ந்துகொண்டு உட்காருவாள். நான் அவளைத் தூண் அக்கா என்றே கூப்பிட்டேன், அவளுக்கும் அது பிடித்திருந்தது. நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், சிரித்தால் கூடமே அதிரும். பிறந்த ஊரிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அப்பா சம்பாதித்து வாங்கிய நிலம் மூன்று ஏக்கர். அதில் கிணற்றை ஒட்டிய அரை ஏக்கர் உனக்குத்தான் என்று சொல்லி, கல்யாணமான நாளிலிருந்தே அவளைப் பயிர் வைக்கச் சொல்லியிருந்தார். சொன்னதோடு சரி, எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா அதில் மல்லாட்டை போடுவாள், வரப்போரம் சாமந்தி வைப்பாள். கூடையில் பூவோடு டவுனுக்குப் போகும் நாட்களில் என் பஸ்ஸில்தான் திரும்புவாள். "எங்கூட்டுக்காரரு சம்பாதிக்கறது ஊட்டுக்கு. இந்தப் பூவு எனக்கு" என்று ஒருமுறை சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த கர்வத்தை என் சான்றிதழைப் பார்க்கும்போது அப்பா முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வகுப்பிலேயே மக்கு அவள்தான். அப்படித்தான் நான் நினைத்தேன்.

எங்கள் திட்டத்தில் 'எழுதப் படிக்கத் தெரிந்தவர்' என்பதற்கு ஒரு விளக்கம் இருந்தது. தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரிந்தால் போதும். "மொதல்ல பேரு. மீதியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்பார் ஒருங்கிணைப்பாளர். ஆகவே நாங்கள் உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று வரிசையாகப் போகாமல், ஆளாளுக்கு அவரவர் பெயரை மட்டும் கோலம் மாதிரி பழக்கினோம். ஆறே மாதத்தில் முப்பது பேர் போட்டுவிட்டார்கள். தூண் அக்காவுக்கு மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் அவள் பெயரில் மூன்றே மூன்று எழுத்து, நாய்க்குட்டிக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அவள் முதல் எழுத்தைப் போடுவாள், இரண்டாவதைத் தலைகீழாகப் போடுவாள், மூன்றாவதுக்கு வரும்போது "மறந்துபூடுச்சு டீச்சரு" என்று சிரிப்பாள்.

எனக்கு இயல்பிலேயே பொறுமை கம்மி. ஒருநாள் அவள் பக்கத்துப் பெண்ணின் பலகையை எட்டிப் பார்த்து, "கால் போட மறந்துட்ட பாரு" என்று சொல்வதைக் கேட்டுவிட்டேன்.

"அடுத்தவங்க பலகைல தப்பு தெரியுது, உங்க பலகைல மட்டும் தெரியலையா அக்கா?" என்று கத்தினேன்.

"அடுத்தவங்க தப்பு யாருக்குத்தான் தெரியாது டீச்சரு?" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கொஞ்சம் மூளை இருக்கிறவளாக இருந்தால் அங்கேயே யோசித்திருப்பேன்.

அவளுடைய அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. நான் அந்த ஊருக்குப் போன மூன்றாம் நாளே எனக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டவர் அவர்தான். வாரம் ஒருமுறை வகுப்புக்கு வந்து வாசலில் நிற்பார். "எந் தங்கச்சி எப்பம்மா கையெழுத்து கத்துக்கும்?" என்று கேட்பார். "ஒரு பத்திரம் கெடக்குதும்மா. ரேக வெச்சிட்டுப் போன்னா கேக்க மாட்டேங்குது. எங்கப்பன் பேர்ல இருக்கற பத்திரத்துக்குக் கைநாட்டு வெக்கறது கேவலம், டீச்சரு சொல்லிக்குடுக்குது, கத்துக்கினு வந்து கையெழுத்தே போடறேன்னு சொல்லிடுச்சு. எனக்கும் அதுதான் பெருமையாப் படுது" என்பார். என்ன பத்திரம் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வயதுத் தங்கை படிக்க வேண்டும் என்று இத்தனை அக்கறைப்படும் அண்ணன் எந்த ஊரில் கிடைப்பான் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த மாத அறிக்கையில், 'சகோதரரின் ஆர்வம் பிற ஆண்களுக்கு முன்மாதிரி' என்று எழுதினேன். மூன்று பிரதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மனசு கேட்காது. கூடத்துச் சுவரில் நானே கோந்து தடவி ஒட்டிய ஒரு சுவரொட்டி இருந்தது. 'தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு' என்று சிவப்பு எழுத்து. வாரா வாரம் நான் அதைக் குச்சியால் சுட்டிக் காட்டிப் படிக்க, முப்பத்தோரு பேரும் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். தூண் அக்காவின் குரல்தான் உரக்கக் கேட்கும். சில நாள் அவள் அண்ணனும் வாசலில் நின்று தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

ஏழாவது மாதத்தில் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார், அன்றைக்கு என் ஊரை 'கைநாட்டு இல்லாத கிராமம்' என்று அறிவித்துவிட வேண்டும். நாலடிக்கு மூன்றடி தகரப் பலகையில் மஞ்சள் அடித்து, கறுப்பில் எழுதி, அதிகாரி வருவதற்கு ஒரு மாதம் முன்பே பெயிண்டர் கொடுத்துவிட்டார். வைக்க இடமில்லாமல் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா அதை மொட்டை மாடியில் குப்புறப் போட்டு அதன்மேல் கூழ்வடாம் பிழிந்தாள். "நல்லா சூடு ஏறுதுடி, ரெண்டே நாள்ல காஞ்சிடுது" என்று அந்தத் திட்டத்தை மனசாரப் பாராட்டியது அவள் ஒருத்திதான்.

"முப்பத்தோருல ஒண்ணு நிக்குதேம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். "அத மட்டும் முடிச்சிட்டா உன் சர்டிபிகேட்டுல 'மிகச் சிறப்பு'ன்னு போடச் சொல்றேன். இல்லன்னா பலகையே வெக்க முடியாது. முப்பது பேரு கைநாட்டு இல்லாத கிராமம்னா எழுத முடியும்?"

அந்தச் சான்றிதழுக்கு அரசு வேலையில் முன்னுரிமை உண்டு என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வேலை கிடைத்தால் மூன்றாவது பஜ்ஜியிலிருந்து தப்பித்துவிடலாம் என்பது என் கணக்கு. ஆகவே தூண் அக்காவை விடுவதாக இல்லை. மத்தியானம் அவள் நிலத்துக்கே போனேன். அவள் சாமந்தி பறிக்க, பலகையும் சாக்பீஸுமாகப் பின்னாலேயே நடந்தேன். கிணற்றடியில் உட்கார வைத்து அவள் கையைப் பிடித்து எழுத வைத்தேன். அவள் கை கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். பத்து நாள் இப்படிப் போயிற்று. அதிகாரி வர இரண்டு நாள் இருக்கும்போது, அவள் மறுபடியும் இரண்டாவது எழுத்தைத் தலைகீழாகப் போட்டாள், மறுபடியும் சிரித்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. அந்தக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"உங்களாலதாங்க்கா எல்லாம் கெடுது. முப்பது பேருக்கு வந்துது, உங்களுக்கு மட்டும் வரல. எனக்கு வேல கெடைக்காது. ஊட்ல எவனுக்காவது கட்டிவெச்சித் தள்ளி வுட்டுடுவாங்க" என்று மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். வெள்ளைப் புடவை வேறு, பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்குமோ.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பூக்கூடையைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள். "அழாத பாப்பா" என்றாள். டீச்சர் என்று சொல்லாமல் பாப்பா என்று சொன்னது அன்றைக்குத்தான். பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மூன்று எழுத்தையும் ஒரே மூச்சில் எழுதினாள். முத்து முத்தாக இருந்தது. கீழே ஒரு கோடுகூட இழுத்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வரும் என்று அன்றைக்கு இரவு அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அறிக்கையிலும் எழுதினேன்.

பார்வை நாள் ஜோராக நடந்தது. அதிகாரி முன்னால் முப்பத்தோரு பேரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். தூண் அக்கா போட்டபோது அவளுடைய அண்ணன்தான் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினார், அவருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. இனி இந்த ஊருக்குத் தேவையில்லை என்பதன் அடையாளமாக, கைநாட்டு வைக்கும் மைப்பெட்டி ஒன்றை அதிகாரி காலால் மிதித்து உடைக்க வேண்டும் என்பது ஒருங்கிணைப்பாளரின் ஏற்பாடு. மைப்பெட்டி புதுசு, மை நிறைய இருந்தது. அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது, அதைத் துடைக்கப் போய்க் கையெல்லாம் ஊதாவாயிற்று. ஊருக்குள் நுழையும் இடத்தில் மஞ்சள் பலகையை அந்தக் கையோடுதான் திறந்து வைத்தார். பலகையின் பின்பக்கம் அம்மாவின் வடாம் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஊரு முடிஞ்சிதும்மா" என்று ஒருங்கிணைப்பாளர் ஃபைலைக் கட்டினார். "ஒண்ணாந்தேதியிலேருந்து உனக்கு அடுத்த ஊரு."

மாதக் கடைசியில், ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம், அக்காவின் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்தார், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு. "நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அந்தப் பத்திரம் போடறோம்மா. சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும். தங்கச்சிக்குக் கண்ணத் தொறந்து வுட்டதே நீங்கதான" என்றார். இருபத்தோரு வயதில் யாராவது என்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது அதுவே முதல்முறை. அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரில் கீற்றுக் கொட்டகையில் பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். அக்கா ஏற்கெனவே வந்திருந்தாள். அவள் மடியில் துணிக்கடைப் பை. அண்ணன் எடுத்துக் கொடுத்த பட்டு. பத்திரத்தில் கூடப்பிறந்தவளிடம் கையெழுத்து வாங்கும்போது ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அம்மாவுக்குப் படிச்சிக் காட்டணுமா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க? எங்க ஊரு கைநாட்டு இல்லாத ஊரு" என்றார் அண்ணன். "இதோ டீச்சரம்மாவே பக்கத்துல இருக்காங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. 'தானே படித்துப் பார்த்து'ன்னு போட்டுடறேன்" என்றார் அவர். கைநாட்டு வைக்கிறவர்களுக்குத்தான் வரிக்கு வரி படித்துக் காட்டி, படித்துக் காட்டியதாக எழுத வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சிரித்துத் தலையாட்டினேன். அவள் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று எழுத்தும் கீழே கோடுமாகப் போட்டாள். ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. அடுத்து என் முறை. மேலே 'விடுதலைப் பத்திரம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பயிற்சியில் பத்து நாளும் விடுதலைப் பாட்டாகப் பாடியவள் அல்லவா, சொல் நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. பொங்கிப் போன பெருமையில், வளைத்து வளைத்து இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே பதிவாளர், "இஷ்டப்பட்டுத்தான் எழுதிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். அக்கா, "ஆமாங்க" என்றாள். அதற்கப்புறம் அவர் மைப்பெட்டியை நகர்த்தினார். கையெழுத்துப் போட்டாச்சே என்று நான் குறுக்கே பேசினேன். "படிச்சவங்க படிக்காதவங்க எல்லாருக்கும் இங்க ரேக உண்டும்மா" என்று சொல்லிவிட்டு, அக்காவின் கட்டை விரலைப் பிடித்து மையில் அமுக்கி, பெரிய நோட்டில் உருட்டினார். அக்கா அந்த விரலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். கூடத்தை அதிர வைக்கும் சிரிப்பு அது இல்லை.

அண்ணன் டவுனிலேயே நின்றுகொண்டார், பேங்க்கில் டிராக்டர் கடனுக்கு மனு கொடுக்க வேண்டுமாம். சத்துணவுக் கூடத்துச் சாவியை ஒப்படைக்க நானும் அந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவும் நானும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். டவுன் தாண்டியதும், "பாத்தீங்களாக்கா, எவ்ளோ ஈஸியா முடிஞ்சிது" என்றேன் நான், பெருமையாக.

"ஆமா. அரை ஏக்கராவும் முடிஞ்சிது" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. என்ன அரை ஏக்கர் என்று கேட்டேன்.

"எனக்கு எத்தினி நெலம் கெடக்குது? கெணத்தங்கரையோரம் இருக்கறதுதான். எனக்கு இதுல பங்கு வேணாம், எல்லாம் அண்ணனுக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"சொல்லக் கூடாதாக்கா?" என்றேன்.

"நீதான் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தியே. உனக்குப் படிக்க வருமே பாப்பா. நீ ஏன் படிக்கல?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். பஸ்ஸில் டிக்கெட் எவ்வளவு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பட்டுப் புடவை கசகசவென்று ஒட்டியது.

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். "எனக்கு நெலமும் வேணும், அண்ணனும் வேணும். முடியாதுன்னு சொன்னா அண்ணன் போயிடும். நாளைக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம்னா தாய்மாமன் இல்லாம மணையில குந்த வெக்க முடியுமா? சரின்னு சொன்னா நெலம் போயிடும். அதான் கையெழுத்து வரலன்னு சொல்லிக்கினு இருந்தேன். வரலன்னா யாருக்கும் கோவம் வராதில்ல? எட்டு மாசம் ஓடிச்சி. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டியிருப்பேன்."

"அப்ப உங்களுக்கு எழுத..."

"மொத வாரமே வந்துடுச்சி. மூணு எழுத்துதான?"

"அப்புறம் ஏன்க்கா அன்னிக்கு எழுதிக் காட்டனீங்க?"

"நீ அழுதியே" என்றாள்.

வேன் மாறி, அந்தக் கடைசி ஒரு மைலையும் நடந்தோம். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் அழுதால் அவள் இன்னும் எதையாவது கொடுத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. ஊர் முனையில் மஞ்சள் பலகை நின்றது. அக்கா கட்டை விரலில் எச்சில் தொட்டு, பலகையின் காலில் தேய்த்து மையைத் துடைத்தாள். முழுசாகப் போகவில்லை.

"சரி வுடு" என்றாள். "இனிமே எனக்கு ஒரு பயமும் இல்ல. நாளையிலேருந்து ஒழுங்காக் கத்துக்கறேன். பேருக்கு அப்பறம் இன்னா வரும்? படிக்கவும் கத்துக் குடுப்ப இல்ல? அடுத்த தபா எவனாவது ஒரு காகிதத்த நீட்டனா நானே படிச்சிப் பாத்துக்குவேன்."

நாளையிலிருந்து வகுப்பு இல்லை என்பதைச் சொன்னேன். இந்த ஊர் முடிந்துவிட்டது, எனக்கு வேறு ஊர் போட்டிருக்கிறார்கள், சாவியைக் கொடுக்கத்தான் வந்தேன் என்றேன்.

"ஏன், நாங்கல்லாம் படிச்சிட்டோமா?"

"படிச்சிட்டதா எழுதியாச்சுக்கா."

"யாரு எழுதனது?"

"நான்தான்" என்றேன்.